ஆதாயமும் நட்பும்: இந்தியா, பூட்டான் மின்சார வணிகம்

அண்டை நாட்டு அரசன் இயல்பிலேயே பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவனே நண்பன் என்பது அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கொள்கை. 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய கான்ட் இதற்கு எதிர்த்திசையில் போனார். வணிக மனப்பான்மையும் போரும் சேர்ந்திருக்க முடியாது என்றார். ஆனால், சண்டை இல்லை என்பதாலேயே அங்கே நட்பு இருக்கிறது என்றாகிவிடுமா? பயன் கருதிய நட்பு பயன் தீர்ந்ததும் தீர்ந்துவிடும் என்றவர் அரிஸ்டாட்டில். ஏற்றத்தாழ்வு உள்ள இருவரிடையே அவரவர் நிலைக்கு ஏற்ற கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் நட்பு நிற்கும் என்றும் அவர் சொன்னார். இந்தியா, பூட்டான் உறவைப் பார்க்க இந்த இரண்டாவது கருத்தே அதிகம் உதவும்.

பூட்டானின் வாங்சூ ஆற்றின் மேல் 336 மெகாவாட் சுக்கா மின்நிலையம் 1980களில் இந்தியப் பணத்தில் எழுந்தது. செலவில் 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். பூட்டான் தன் தேவை போக மிஞ்சியதை இந்தியாவுக்கு விற்றது. அதே ஆற்றில் 1,020 மெகாவாட் தாலா நிலையமும் பின்னர் வந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மின்சாரம் தெற்கே இறங்கும். குளிர்காலத்தில் நீர் வற்றியதும் பூட்டான் இந்தியாவிடம் மின்சாரம் வாங்கும். ஒருவருக்கு மிஞ்சுவது மற்றவருக்கு உதவும் ஏற்பாடு இது. பூட்டான் அரசின் வருவாயில் கணிசமான பங்கு இதிலிருந்து வருகிறது. 1974இல் வந்த அதன் நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாய்க்குச் சமமாக வைக்கப்பட்டது. (கடைகளில் ரூபாயும் செல்லும்.)

இவ்வளவு நெருக்கத்துக்கு விலையும் உண்டு. 2012இல் இந்திய ரூபாய் கையிருப்பு குறைந்ததால், வீடு கட்டவும் வண்டி வாங்கவும் தரும் கடனைப் பூட்டான் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஜூலையில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்துவந்த மானியம் நின்றது. சிலிண்டர் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. பூட்டானின் ஐந்தாண்டுத் திட்டக்காலம் முடிந்ததே காரணம் என்றது இந்தியத் தரப்பு; பூட்டானில் பலர் அதை நம்பவில்லை. தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. சில வாரங்களில் மானியம் திரும்ப வந்தது. உண்மைக் காரணம் எதுவாயினும், அடுப்படிவரை எட்டும் கை ஒரு நாட்டிடம் மட்டும் இருந்தால், அது ஓங்கப்படாதபோதும் மற்ற நாடு அதை நினைத்தே நடக்கும். போர் மூளுமா என்று மட்டும் பார்த்த கான்டின் கணக்கில் இந்த அச்சம் சேரவில்லை.

அதனால் இப்படிப்பட்ட உறவின் நன்மையை, கிடைத்த பணத்தோடு, பேரம் பேச முடிகிறதா என்பதையும் வைத்தே மதிப்பிட வேண்டும். 2019இல் இயங்கத் தொடங்கிய 720 மெகாவாட் மாங்தேச்சூ நிலையத்தில் விகிதம் தலைகீழானது: மானியம் 30, கடன் 70. கடன் சுமை கூடியது உண்மைதான். ஆனால் யூனிட்டுக்கு 4.12 ரூபாய் என்ற விலையைப் பூட்டான் பேசி வாங்கியது. சுக்கா மின்சாரத்துக்குக் கிடைத்ததைவிட அது கணிசமாக அதிகம்.