ஒரே போர்வை

குற்றம் முதலில் தனிமனிதனைத் தாக்குகின்றது. உயிரையோ உடைமையையோ பறிக்கின்றது. அது விசாரிக்கப்படாது விடப்படும்போது சமுதாயத்தின் நீதியுணர்வையே அரிக்கத் தொடங்குகின்றது. பல்லேபொலயில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மாத்தளை நகரமே போதும்.

1983 யூலையில் அந்நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1987 முதல் 1989 வரையிலான கிளர்ச்சிக் காலத்திலோ அதே மாவட்டத்துச் சிங்கள இளைஞர் பலர் காணாமற்போயினர். இவ்விரண்டையும் இணைப்பது எது?

1977 ஓகஸ்ட் கலவர நாட்களில் ஒழுங்கைக் காக்க ‘நல்லெண்ணத்துடன்’ செயற்பட்டதாகக் கூறும் அமைச்சர், அதிகாரிகள், படையினர் மீது வழக்குத் தொடரவியலாதவாறு 1982இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் காப்பு 1988இல் ஒரு திருத்தத்தால் அவ்வாண்டு டிசெம்பர் 16 வரை நீட்டப்பட்டது. தமிழர் உடைமை எரிந்த நாட்களும் சிங்கள இளைஞர் மறைந்த நாட்களில் ஒரு பகுதியும் ஒரே போர்வைக்குள் அடங்கின.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. ஓர் ஆய்வு அவற்றை 1980களின் பிற்பகுதிக்குரியவை என்றது. மற்றொன்று பல பத்தாண்டுகள் முந்தியவை என்றது. மகனைத் தேடிய தாய்க்கு எலும்பின் வயதுகூட உறுதியாகவில்லை. உண்மையை உரிய காலத்தில் தேடாத சமுதாயம் தன் பிணங்களின் பெயரையும் இழக்கின்றது.

அயலவனுக்கு இழைத்த அநீதியை மறைக்க நெய்த போர்வை, நாளை நம் பிள்ளையையும் மூடும். நீதி கேட்பது பழிவாங்குதலன்று. தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் கேட்கும் கேள்வி ஒன்றே. அதனை ஒருங்கே கேட்பது நம் கடன்.