நடுங்கியவரின் நியாயம்

வெடிகுண்டு ஒன்று எங்கேயோ மறைந்திருக்கிறது. இடம் தெரிந்தவன் கையில் அகப்பட்டிருக்கிறான். அடித்துக் கேட்டால் என்ன? நல்லவர்களும் இந்த இடத்தில் தடுமாறிப் போகிறார்கள்.

1956 நவம்பரில் அல்ஜீர்ஸ் நகரில் இந்தக் கேள்வி பால் டெய்ட்ஜனிடம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் அந்நகரப் போலீஸின் பொதுச் செயலாளர் அவர். 'கூடாது' என்றார். சொல்லிவிட்டுப் பொழுதெல்லாம் நடுங்கினார். குண்டு வெடிக்கவில்லை. ஆனால், அவர் தடுத்தும் கைதியை வதைத்தே விட்டார்கள்.

1957 ஜனவரியில் போலீஸ் அதிகாரம் பட்டாளத்தின் கைக்குப் போயிற்று. முகாம்களில் அடைபட்டிருந்தவர்களின் உடம்பில் டெய்ட்ஜன் கண்ட காயங்கள் அவருக்குப் புதியவை அல்ல. ஹிட்லரின் கெஸ்டபோ போலீஸ் ஒருகாலத்தில் அவருக்கே இழைத்த கொடுமையின் அடையாளங்கள் அவை. மார்ச்சில் ராஜிநாமாக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் பதவியை விட்டார். பிடிபட்டுக் காணாமற்போனவர்கள் அவருடைய கணக்கில் 3,024 பேர். ஒரு குண்டுக்காகக் கேட்ட சலுகை ஓராண்டுக்குள் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

பட்டவருக்கு வலி தெரியும் என்பீர்கள். அது மட்டும் போதாது. அந்தப் பட்டாளத்தை நடத்திய தளபதி மஸ்ஸூவும் ஹிட்லரின் படையோடு போரிட்டவர்தாம்.

குண்டு வெடிக்காததால் டெய்ட்ஜன் செய்தது நியாயமாகிவிடவில்லை. வெடித்திருந்தாலும் அது நியாயமே. இதை எழுதும்போது என் கையும் நடுங்குகிறது. நடுங்காமல் இதைச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். நடுங்காமல் 'அடி' என்பவரை அதைவிடவும் நம்பமாட்டேன்.