எவ்வளவு மூச்சு?

நண்பர் ஒருவரின் மனைவி நிமோனியா முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தார். தொண்டைக்குள் குழாய், குழாயின் மறுமுனையில் வெண்டிலேட்டர். இரவு பத்து மணிக்கு நண்பர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "ஆக்ஸிஜன் 90தான் காட்டுகிறது, டாக்டர். இன்னும் கொஞ்சம் காற்றைக் கூட்டக் கூடாதா?"

"கூட்டினால் எண் ஏறும், ஸார். அம்மாவுக்கு நல்லதில்லை."

கல்நெஞ்சர் என்று நண்பர் முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்படித்தான் பட்டது. மூச்சுக்குத் தவிப்பவருக்கு மூச்சை அளந்தா கொடுப்பார்கள்?

பிறகு தேடிப் படித்தேன். 1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்களில் முதல் சில வாரங்களில் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டு, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் பிற்பாடு இயந்திரம் ஏற்றுக்கொண்டது. இயந்திரத்துக்குக் கை வலிக்காது.

ஆனால் போலியோ நோயாளிக்குப் பழுது தசையில். நிமோனியா முற்றியவருக்கோ நுரையீரலே பழுது. பெரும்பகுதியில் நீர் கோத்துவிட, காற்று புகக்கூடிய இடம் ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் பெரியவர்களுக்கான காற்றை அழுத்தினால், மிச்சமிருக்கும் நல்ல காற்றறைகளும் விரிந்து நைந்து போகின்றன. அந்த ரணத்தின் விஷம் ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளையும் தாக்குகிறது.

சாதாரணமாக நாம் உடல் எடையில் கிலோவுக்கு 7, 8 மில்லிலிட்டர் காற்றைத்தான் ஒரு மூச்சில் இழுக்கிறோம். டாக்டர்களோ வெகுகாலம் 10 முதல் 15 வரை கொடுத்து வந்தார்கள். 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. ஒரு சாராருக்குக் கிலோவுக்கு 12. மறு சாராருக்கு 6. (எடை என்பது உயரத்தைக் கொண்டு கணித்த எடை. விருந்துச் சாப்பாட்டில் வயிறு பெருக்கலாம், நுரையீரல் பெருப்பதில்லை.) தாராளமாகக் காற்று பெற்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்தனர், அளவாகப் பெற்றவர்களில் 31.

என்னை உலுக்கியது இதுவல்ல. முதல் சில நாட்களில், தாராளமாகப் பெற்றவர்களின் ரத்தத்தில்தான் ஆக்ஸிஜன் நன்றாக இருந்ததாம்! கட்டிலருகே நின்ற டாக்டர் எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்திருப்பார், உறவினர் கைகூப்பியிருப்பார். அந்த நிம்மதி யாருக்காக?

அந்த டாக்டர்கள் பாவம் செய்தவர்களா? அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை, காப்பாற்றத்தானே முனைந்தார்கள்? இருந்தாலும், மிகையான அழுத்தத்தில் எலிகளின் நுரையீரல் நீர் கோத்துக் கெடுவதை 1974-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். எலிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 2000-க்குப் பிறகு அந்தச் சாக்கும் இல்லை. ஆனால் 50 நாடுகளில் எடுத்து 2016-ல் வெளியான கணக்கின்படி, இந்த நிலையில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களே 8 மில்லிலிட்டருக்கு மிகாமல் காற்று பெற்றிருக்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதற்கு ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். கெஞ்சுகிறவன் எதிரே நிற்கும்போது இன்னும் அதிகமாக வேண்டும். நாங்கள் இருவரும் அன்றிரவு அந்த டாக்டரின் நெஞ்சுரத்தை உடைக்கத்தான் பார்த்தோம்.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். அந்த அம்மாள் முதலில் கேட்டது தண்ணீர். நண்பர் டம்ளர் நிறைய எடுத்துக்கொண்டு ஓடினார். நர்ஸ் அதை வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள்.