எடையும் ஸங்கல்பமும்

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் ஓர் இல்லத்தில் சத்சங்கம் முடிந்து, பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அன்பர் ஒருவர் சர்க்கரைப் பொங்கலை வாங்காமல் தயங்கி நின்றார். பிறகு தனியே வந்து தம் மனத்தைத் திறந்தார்.

“சுவாமிஜி, என் எடை 92 கிலோ. மூன்று மாதத்தில் 20 கிலோ குறைப்பேன் என்று புத்தாண்டு அன்று பூஜையறையில் ஸங்கல்பம் செய்தேன். அரிசியை அடியோடு விட்டேன். இரவில் பட்டினி, காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம். மூன்றாவது வாரம் முழங்கால் வலி வந்துவிட்டது. அன்றிரவு கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டேன். இன்று பழைய எடையையும் தாண்டிவிட்டேன். இறைவன் முன் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத நான் ஜபம் செய்து என்ன பயன்? அதையும் நிறுத்திவிட்டேன்.”

எடை குறையாதது சிறிய நஷ்டம். அதன் காரணமாக ஒருவர் ஜபத்தையே கைவிட்டது பெரிய நஷ்டம். ஆகவே இவருடைய கேள்வியை உடல்நலக் கேள்வியாக மட்டும் கொள்ளலாகாது. எதைச் செய்வதாக நாம் வாக்களிக்கலாம், எதை வாக்களிக்கலாகாது என்பதே இங்குள்ள தர்ம விசாரம்.

நம் பூஜைகளில் சொல்லப்படும் ஸங்கல்பத்தைச் சற்றுக் கவனியுங்கள். இடமும் காலமும் முதலில் சொல்லப்படுகின்றன. பிறகு வேண்டும் பயன் ‘ஸித்த்யர்த்தம்’ என்று நோக்கமாக அமைகிறது. இறுதியில் வருவது ‘கரிஷ்யே’, அதாவது ‘செய்வேன்’ என்ற சொல். பயனை நாம் நாடலாம். அதை அடைந்தே தீருவேன் என்று அங்கு யாரும் சபதம் செய்வதில்லை. சபதம் செயலுக்கு மட்டுமே உரியது. நம் அன்பர் செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. ‘நடப்பேன், அளவோடு உண்பேன்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘20 கிலோ குறைப்பேன்’ என்றார். எடை அவர் ஒருவரின் விருப்பத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று. வயது, பரம்பரை, உறக்கம், உண்ணும் மருந்துகள் ஆகிய பலவும் அதில் பங்கு கொள்கின்றன.

இதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று உண்டு. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினரிடம் உணவைச் சீர்செய்து, அன்றாடம் அரைமணி நேரம் வேகமாக நடக்குமாறு கூறினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், இத்தகைய அறிவுரை பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அறிவுரை பெற்றவர்களில் 39 பேருக்கே வந்தது. வியப்பு என்னவெனில், அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசு முள் அசையாதபோதும் செயல் தன் பயனைத் தந்துகொண்டிருந்தது. எடையை மட்டும் பார்த்து, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று அவர்கள் கைவிட்டிருந்தால் எத்தகைய இழப்பு!

இதனால் எடை குறைவது தேவையற்றது என்று ஆகாது. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் உடல் எடையில் 7 விழுக்காடு குறைவதும், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. அங்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 92 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஆறரைக் கிலோதான். அதையும் ஆறு மாத காலத்தில், மெல்லமெல்லக் குறைப்பதே நன்று.

பௌத்த நூலான ஸம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பஸேனதியின் கதை வருகிறது. மரக்கால் கணக்கில் சோறு உண்டு, மூச்சு வாங்கியபடி அவன் புத்தரிடம் வருவான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பட்டினி கிடக்கவும் சொல்லவில்லை. அளவறிந்து உண்பதன் நன்மையைக் கூறும் ஒரு செய்யுளை அருளினார். அதை உணவு வேளைதோறும் தன் எதிரில் ஓதுமாறு சுதர்சனன் என்ற இளைஞனை மன்னன் நியமித்தான். படிப்படியாக ஒரு நாழி அரிசிச் சோறே அவனுக்குப் போதுமானதாயிற்று. உடல் மெலிந்து நலம் பெற்றான். உண்ணும் வேளையில் விழிப்பு, சிறிதுசிறிதாகக் குறைத்தல் என்ற இரண்டே அங்கே மருந்தாயின. பெருந்தீனி, கடும்பட்டினி ஆகிய இரண்டையும் யோகத்துக்குப் புறம்பானவை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் ஒருசேர விலக்குவதும் இங்கு நினைக்கத்தக்கது.

சிறிய இலக்கு சோம்பேறியின் சாக்கு ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. மூன்று நாள் பட்டினி கிடக்க உற்சாகம் ஒன்றே போதும். மூன்று ஆண்டுகள் நாள்தோறும் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து உண்ணத்தான் தவம் வேண்டும். பெரிய சபதத்தில் ‘நான் எத்தகையவன் பார்’ என்ற அகந்தை எளிதில் ஒளிந்துகொள்கிறது. அது முறியும்போது அதே அகந்தை தன்னிழிவாக மாறி, ஜபமாலையையும் கீழே வைக்கச் செய்கிறது. திருமூலரும் முதலில் உடம்பை இழிவென்று எண்ணி, பின்னர் அதனுள்ளே இறைவனைக் கண்டவர். வெறுப்போடு ஒறுக்கப்படும் உடல் சாதனைக்குத் துணை நிற்பதில்லை.

அந்த அன்பரிடம் சொன்னேன்: “நீங்கள் சத்தியம் தவறவில்லை. உங்கள் கையில் இல்லாததை வாக்களித்துவிட்டீர்கள். இனி உங்களால் ஆவதை வாக்களியுங்கள். முதலில் மருத்துவரிடம் முழங்காலைக் காட்டுங்கள். அவர் அனுமதிக்கும் அளவு நடங்கள். இரவில் ஒரு கரண்டி சோறு குறையட்டும். அந்த இடத்தில் காய்கறி இருக்கட்டும். எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். ஜபத்தை மட்டும் இன்றிரவே தொடங்கிவிடுங்கள்.”

அவர் சற்று யோசித்தார். பிறகு தொன்னையை வாங்கி, பாதியை அருகிலிருந்த குழந்தையிடம் கொடுத்துவிட்டு, மீதியை நிதானமாக உண்டார்.

நாமும் இறைவன் முன் நின்று ‘செய்வேன்’ என்று சொல்லும்போது, நாளையும் மறுநாளும் செய்யக்கூடியதையே சொல்வோமாக. பயனை அவனிடம் விட்டுவிடுவோமாக.