மலைவழி காட்டுவார் கடன்

வழியறியாத ஒருவர், வழியறிந்த மற்றொருவர் பின்னே ஆளரவமற்ற மலைக்காட்டிற் புகும்போது, அவ்விருவருள் எவர் எவருக்கு எத்துணைக் கடமைப்பட்டவர் என்னும் வினா எழுகின்றது. பொருள் கொடுத்தவர் தலைவர், பொருள் பெற்றவர் ஏவலர் என்று உலகியல்பற்றி ஒரு சொல்லில் விடுத்துவிடலாம் போலத் தோன்றும். ஆயினும் மலையின்கண் ஏவலர் அறிந்தவராகவும் தலைவர் அறியாதவராகவும் இருத்தலானும், அவ்வறியாமைக்கு விலை உயிராக இருத்தலானும், இவ்வினா ஆசிரிய மாணாக்கர் இயல்பு பற்றி நம் சித்தாந்த நூல்கள் நிகழ்த்தும் ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையதாகின்றது.

இதனை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் நம் நாட்டில் மலையேறினோர் பெரும்பாலும் யாத்திரிகரே. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கிற்கோல் ஊன்றி ஏறுவோரும், சதுரகிரிக்கும் பருவதமலைக்கும் செல்வோரும் தெய்வத்தை நாடிச் செல்வோர். இக்காலத்திலோ காட்டின் தனிமையையும் மலையின் காட்சியையுமே நாடி, வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. தமிழ்நாட்டு அரசினர் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைத் தெரிந்து, காட்டையடுத்த ஊர்களிலும் பழங்குடிகளிலும் உள்ள இளைஞரைப் பயிற்றி வழிகாட்டிகளாக அமைத்தனர். எம் செஞ்சிப்பகுதியில் இராசகிரிமேல் ஏறுவார்க்குப் படிகள் உண்டு. வழி தவறுதற்கு இடமில்லை. ஆண்டு வழிகாட்டி எனப்படுவோர் தேசிங்குராசன் கதை சொல்வாரேயன்றி உயிர்காக்கும் பொறுப்புடையாரல்லர். காட்டுமலை அத்தன்மைத்தன்று.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திரார். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரண்டு குழுவினர் கொழுக்குமலைப் பக்கத்தினின்றும் இறங்கி வருங்கால், கோடையிற் காய்ந்து நின்ற புற்சரிவிற் பற்றிய தீ அவர்களைச் சூழ்ந்தது. சரிவிற் பற்றிய தீ காற்றொடு கூடி மேனோக்கி விரைந்தேறும் இயல்பினது. ஓடுவார் கால் அதற்கு ஈடுகொடாது. செய்வதறியாது பலர் பலவாறு ஓடினர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர்துறந்தனர். அவருட் பலர் இளம்பெண்கள். அவ்வாண்டிலேயே அரசினர் வனங்களில் மலையேறுதற்கு விதிகள் வகுத்தனர்.

அக்காலத்திற் பலர் வாயிலும் ஒரு சொல் வழங்கிற்று: “விதி முடிந்தது, எவர் என் செய்வார்?” என்பது. துயருற்றார் தம் ஆற்றாமையாற் கூறுவதாயின் அதனை யாம் மறுக்கப் புகோம். வழி நடத்தினார் பொருட்டு அவ்வாறு கூறுவதாயின், அது சைவநூற் கொள்கையன்று. இறந்தார் இறந்தது அவரவர் பிராரத்த வினையென்றே கொள்க. அவ்வினை அவருடையது. தீப்பருவம் என்றறிந்தும் அழைத்துச் சென்றார் உளராயின், அச்செயல் அவர்க்கு ஆகாமியமாய் ஏறும். ஒருவர் நுகரும் வினை மற்றொருவர் புதிதாக ஈட்டும் வினைக்கு விடுதலைச் சீட்டாதல் யாண்டும் இல்லை. அங்ஙனமாயின் கொலைஞனும் “இவன் வினை முடிந்தது, யான் கருவியாயினேன்” என்று கூறித் தப்புவான்.

இனி, அறியக்கூடியதும் அறியக்கூடாததும் ஒன்றல்ல. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கயிலை யாத்திரைவழியில் மால்பா என்னுமிடத்தில் இரவில் மலை சரிந்து, யாத்திரிகர் 60 பேர் உள்ளிட்ட இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நிகழ்ச்சியில் உடன்சென்ற வழித்துணைவரைக் குறைகூறுதற்கு யாம் வழிகாணோம். காய்ந்த புல்லும் மார்ச்சு மாத வெயிலுமோ கண்ணுடையார் எவர்க்கும் தோன்றி நிற்பன. வழிகாட்டியின் கடன் அவருடைய அறிவு செல்லும் எல்லைவரை செல்வது. அவ்வெல்லைக்குள் அது முழுமையாக உள்ளது.

அவ்வறிவுதான் யாது செய்யவல்லது என்பதை நோக்குவோம். பெரியபுராணத்துள் திண்ணனாரைக் காளத்திமலைக்கு அழைத்துச் சென்றவன் நாணன் என்னும் வேடன். அம்மலை அவனுக்குப் பழகிய இடம். நாகனோடு முன்னரே சென்றவன். குடுமித்தேவர் அங்கு உள்ளார் என்பதை அறிவித்தவனும் அவனே. அவன் காட்டத் திண்ணனார் கண்டார். ஆனால் நாணன் பலகாற் கண்டும் காணாததைத் திண்ணனார் ஒருகாற் காணவே கண்டுகொண்டார். அதன்பின் அவரை அங்கிருந்து பெயர்க்க மாட்டாமல் நாணனும் காடனும் மீண்டு போயினர். இவ்வேடனைப்பற்றி நம் அறிஞர் மிகுதியாகப் பேசுவதில்லை. எமக்கோ அவன் உரிய அளவில் நின்ற வழிகாட்டியாகத் தோன்றுகின்றான். வழி சொன்னான், உடன் நடந்தான், தான் காணாததைக் கண்டதாக உரைத்தானில்லை.

காட்டும் உதவி, காணும் உதவி என உதவி இரண்டு வகைப்படும் என்று சித்தாந்தம் கூறும். ஞாயிறு கண்ணுக்குப் பொருளைக் காட்டும். ஆயினும் உயிர் உடன்நின்று காணாதவழிக் கண் காணாது. அதுபோல இறைவன் உயிருக்குக் காட்டுவதோடு உடன்நின்று காண்பதும் செய்கின்றான் என்பது சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரத்திற் பெறப்படும் பொருள். இவ்விரண்டனுள் மானிட வழிகாட்டியால் இயல்வது முன்னையது ஒன்றே. ஏறுவார் மூச்சு எவ்வளவு திணறுகின்றது, மார்பில் நோவு உண்டா இல்லையா என்பவற்றை அவருக்காக மற்றொருவர் உணர்தல் கூடாது. 2024-ஆம் ஆண்டு வெள்ளியங்கிரிப் பருவத்தில் ஏறுவழியிலேயே மூச்சடைப்பாலும் நெஞ்சுநோயாலும் பலர் இறந்தனர். தன் நோயைத் தானே மறைத்து ஏறுவானை எவ்வழிகாட்டி காப்பான்? ஆகவே வழிகாட்டியிடம் தம்மை ஒப்புவித்தல் என்பது தம் அறிவை அவிழ்த்து அவர் தோளில் ஏற்றுதல் அன்று. சிலர் குருவினிடத்தும் இங்ஙனமே செய்துவிட்டுப் பின்னர்க் குருவை நோவர். அது வேறு கதை.

பின்னே செல்வார் கடன் இதுவாக, முன்னே செல்வார் கடன் எதுவெனின், வழியைக் காட்டுதலினும் மீளும் வேளையைக் காட்டுதலே தலையாயது என்பது எம் துணிபு. வழி காட்டுதற்கு ஒற்றையடிப்பாதையே ஓரளவு போதும். “இனி ஏறற்க, மீள்க” என்று சொல்லுதற்கே அறிந்தார் ஒருவர் வேண்டும். அச்சொல்லைக் கூலி தடுக்கும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. கைப்பொருள் கொடுத்து, விடுமுறை பெற்று, நெடுந்தொலை வந்தவர் முகத்தை நோக்கி அதனைக் கூறுதல் எளிதன்று.

இமயத்தின் எவரெஸ்டுச் சிகரத்தில் 1996-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது இதற்குச் சான்று. நியூசீலாந்து நாட்டினரான ராப் ஹால் என்பார் ஆளொருவர்க்கு 65,000 டாலர்வரை பெற்று அழைத்துச் சென்றவர், கைதேர்ந்தவர், பிற்பகல் 2 மணிக்குமேல் எவரும் மேலேறலாகாது என்று தம் குழுவில் வரையறை பேசியவர். முந்திய ஆண்டு ஹான்சன் என்பவரைச் சிகரத்திற்குச் சற்றே கீழிருந்து அவரே திருப்பி அழைத்துவந்தார். மறுமுறை வந்த அதே ஹான்சன் 4 மணி அளவில் உச்சியை அணுகியபோது, இரண்டாம் முறையும் அவரைத் திருப்ப மனம் ஒருப்படவில்லை போலும், காத்து நின்றார். புயல் வந்தது. இருவரும் மீளவில்லை. அப்புயலில் அம்மலையில் இறந்தோர் எண்மர். இங்கே பேராசை யாம் காணவில்லை, காண்பது இரக்கம். அவ்விரக்கமே உயிர் கொண்டது. இறைவன் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இருவகையாக நம் பெரியோர் வகுத்ததன் அருமை இத்தகைய இடத்திலேதான் விளங்குகின்றது. முந்திய ஆண்டு அவர் திருப்பியது மறக்கருணை. அதற்கு நெஞ்சுரம் வேண்டும். கூலியின் நிழல் படாத உரிமையும் வேண்டும்.

“அற்றேல், திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலை செல்லும் வழியில் எதிர்வந்த மாதவர் மீளுமாறு கூறவும் மீளாது நின்றது என்னை? மீளாமையன்றோ அன்பின் எல்லை?” என்று வினவுவார் உளர். இத்தடை வலியது. காலும் கையும் மார்பும் தேயப் புரண்டு சென்ற அப்பெருமானை எடுத்துக்காட்டி, அடியார் உள்ளம் அஞ்சாது என்று யாத்திரைக் குழுவினரை ஊக்குவாரையும் கேட்டிருக்கின்றோம். ஆயினும் சேக்கிழார் கூறும் முறையைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். சுவாமிகள் காசிவரை உடன்வந்த அன்பர்களை அங்கேயே விடுத்துத் தனியே சென்றார். கொடிய காட்டிற் புகுந்தபோது அவர் பின்னே ஒருவரும் இலர். அவர் பணயம் வைத்தது தம் திருமேனி ஒன்றையே. பின்னும், பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்று ஆணை பிறந்தபோது, கயிலை இதோ அணித்து என்று வாதாடாமல் மூழ்கினார். மீளேன் என்றவர் மீண்டார். சோணாட்டிலே கயிலையைக் கண்டார்.

இவ்வேறுபாடு நம் சமயத்தார்க்கே உரியதன்று. செஞ்சியையடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பொறித்த பெரும்பாறை உள்ளது. அக்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைப் பழைய கல்வெட்டொன்று குறிக்கின்றது. அங்கிருந்து சில காத தூரத்தில் உள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச்சமணரின் மடத்தலைமைக்கு இருப்பிடம். அவ்வூர் மலைநாதர் கோயிற் பாறையில் பாகுபலி காட்டிடை அசையாது நிற்கும் கோலம் செதுக்கப்பட்டுள்ளது. சமணர் கொள்கையோடு நமக்குள்ள வழக்கு நூல்களிற் கிடக்கட்டும். சந்திரநந்தியார் நோற்றது தம் உடம்பைக் கொண்டு. பாகுபலி நிற்பதும் தனியே. தன்னுடல் ஒன்றை இடர்ப்படுத்துதற்கும் முப்பது பேரைப் பின்னழைத்துக்கொண்டு இடர்ப்படுத்துதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. பிறர் உயிரைத் தன் துணிவுக்கு முதலாக்குவான் அப்பர் சுவாமிகள் பெயரைச் சொல்லுதல் தகாது.

மற்றொன்று கூறவேண்டும். இன்று நம் மலைகளில் வழிகாட்டும் இளைஞர் பெரும்பாலும் ஏழையர்; பழங்குடியினர்; அவர் பின்னே நடப்போர் செல்வமும் படிப்பும் உடையார். அவ்விளைஞர் “மழை வரும், போகவேண்டா” என்றால், கையிலுள்ள கருவியில் வானிலை பார்த்து நகைப்பாரும் உண்டு. குரங்கணியில் தீப்பட்டோரை முதலில் ஓடிச்சென்று சுமந்து இறக்கியோருள் அம்மலைப் பக்கத்து எளிய மக்களே முன்னின்றனர் என்பதை இவர் எண்ணுவதில்லை. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியர் வயதிலும் கல்வியிலும் மூத்தவர். குலகுரு என்னும் உரிமையும் பெற்றவர். ஆணவமலத்தின் இயல்பு யாது என அவர் வினவி நின்றபோது, மெய்கண்டார் என்னும் சிறுபிள்ளை அவரையே நோக்கினார். அந்நோக்கின் பொருளை உணர்ந்த அளவில் மூத்தவர் இளையவர் அடியில் வீழ்ந்தார். அறிந்தார் எவரோ அவர் சொல்லுக்கே ஆணை உண்டு என்னும் நெறி நம் சந்தான மரபின் முதற்படியிலேயே நாட்டப்பட்டுள்ளது. மலைமேல் அதனை ஏற்றுக்கொள்ளக் கூசுவார், மடத்தில் அதனை ஏற்றுக்கொண்டது எவ்வாறு என்பது எமக்கு விளங்கவில்லை.

ஏற்பாட்டினாலும் இது சிறிது கைகூடும். 1981-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசினர் நடத்தும் கயிலை மானசரோவர யாத்திரையில், இலிபுலேகு வழிச் செல்வோர்க்குத் தில்லியில் ஒருமுறையும், மலைமேல் கூஞ்சி என்னும் ஊரில் மறுமுறையும் மருத்துவச் சோதனை உண்டு. கூஞ்சியில் தேறாதவர், எத்துணைத் தொலை வந்தவராயினும், எத்துணைப் பொருள் செலவிட்டவராயினும், அவ்விடத்தினின்றும் திருப்பப்படுவர். அங்கே மீள்க என்பவர் மருத்துவர். அவர் யாத்திரிகரிடம் கூலி பெறுவாரல்லர். ஆதலின் அவர் நாத் தடுமாறுவதில்லை. மேலே தோல்மா கணவாய் 5,600 மீட்டர் உயரத்தது; அங்கு மூச்சிற் கிடைக்கும் உயிர்வளி கடற்கரையிற் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. நம் மலைகளிலும் மீட்கும் சொல்லைக் கூலியினின்றும் பிரித்து வைத்தல் கூடும். மீண்ட நாளுக்கும் முழுக்கூலி உண்டு என்று முன்னரே உறுதி செய்தல் ஒன்று. வழிகாட்டி திருப்பினால் அது முறையீட்டுக்கு உரியதன்று என்று ஏறுமுன்னர் எழுதி வாங்குதல் மற்றொன்று.

2020-ஆம் ஆண்டு நின்ற அவ்யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. கூஞ்சியிலிருந்து திருப்பப்பட்ட ஒருவர், தம் யாத்திரை முற்றியதா முற்றாததா என்று வினவினால் என்ன விடை கூறுவது? ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் சுவாமிகளுக்குக் கயிலைக்காட்சி அருளிய விழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. கயிலை செல்லும் பருவமும் அதுவே. ஊர் திரும்பும் அவர் அந்நாளில் ஐயாறு சென்று திருக்குளத்தில் மூழ்குவாராக.