பாடமாக்காதே, ஓட்டிப் பார்!

தம்பி, தங்கச்சி! ஓ.எல். சோதனைக்குப் பஸ்கால் நிரலைக் கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்குகிறாயா? கொப்பியை மூடு. கணினிக்கு முன்னால் போய் இரு. நிரல் ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்!

“வசதியில்லை” என்று சொல்ல வாயெடுக்காதே. சூரிச்சில் பேராசிரியராக இருந்த நிக்லவுஸ் விர்த் 1970இல் இந்த மொழியை வெளியிட்டதே, மாணவர்கள் ஒழுங்காக நிரல் எழுதப் பழகவேண்டும் என்றுதான். ஒரு காலத்தில், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நல்ல தொகுப்பிக்குக் காசு கொடுக்கவேண்டியிருந்தது. இன்று ‘ஃபிரீ பஸ்கால்’ இருக்கிறது. ஒரு சதமும் வேண்டாம். அதன் மூல நிரலைக்கூடத் திறந்து பார்க்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய கணினியே போதும்.

ஃபிரீ பஸ்காலைத் தொடங்கியது யார் தெரியுமா? உன்னைப்போல ஒரு மாணவன்தான்! போர்லண்ட் கம்பனி தன் டேர்போ பஸ்கால் தொகுப்பியை டொஸ் என்ற பழைய பணிசெயல் முறைமைக்கு இனி வளர்க்காது என்று தெரிந்ததும், புளோரியான் கிளெம்ப்ஃபல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1993இல் தானே ஒரு தொகுப்பி எழுத இறங்கினார். எதில் எழுதினார்? அதே டேர்போ பஸ்காலில்! இரண்டு வருடத்தில் அந்தத் தொகுப்பி தன்னைத்தானே தொகுத்தது.

அந்த 1993இல், போர் நடந்த எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள் உன் அப்பா, அம்மா காலத்துப் பிள்ளைகள். அவர்கள் வழிவந்த உன் வாயில் ‘ஏலாது’ என்ற சொல் வரலாமா?

இங்கிலீசுக்குப் பயமா? பிகின், எண்ட், இஃப், ஃபோர், வைல் என்று அடிக்கடி வருவது கொஞ்சச் சொற்கள்தான். விளக்கமெல்லாம் உன் தமிழ்ப் பாடநூலிலேயே இருக்கிறது.

இன்றைக்கே ஏழாம் வாய்ப்பாட்டைத் திரையில் காட்டும் நிரலை எழுது. ஒரு ஃபோர், ஒரு ரைட்லைன், நாலைந்து வரிதான். ஓட்டு. பிழை காட்டும். காட்டட்டும்! அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் வரி இலக்கத்தோடு சொல்லும். அந்த வரி சரியாக இருந்தால் அதற்கு முதல் வரியைப் பார். திருத்து. திரும்ப ஓட்டு. ஏழு சரிவந்ததும், எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் வாய்ப்பாடு வரும்படி மாற்று. எந்தக் கொப்பியிலும் பார்க்காமல் நீ செய்த அந்த மாற்றம் உன் சொந்தச் சரக்கு!

சோதனையில் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும், ஓட்டிப் பார்த்த பிள்ளையின் கை நடுங்காது. எழும்பு. முதல் வரியை எழுது!