கண்ணாடி யாருக்காக?

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளில் கண்ணாடிக்குத் தனி மதிப்பு உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்த நிலைக்கண்ணாடிகளையும் சாளரங்களின் வண்ணக் கண்ணாடிகளையும், திருமண நாள் நெருங்கும்போது பழைய வேட்டித் துணி கொண்டு துடைப்பார்கள். மற்ற நாள்களில் பல வீடுகள் பூட்டியே கிடக்கும். துடைப்பது வருவோர் காண்பதற்காகவே, அதில் தவறேதுமில்லை. ஆனால், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்குமானால்? இக்கேள்வியை எங்கள் முன் வைத்தது ஒரு தவளை.

சென்ற மழைக்காலத்தில், குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த மரத்தவளையொன்றை எங்கள் பேரன் பிடித்து, மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டியில் விட்டான். ஊரார் இதைத் தேரை என்பர். ஆங்கில நூல்களில் இதன் பெயர் 'சுணாம்' மரத்தவளை. சுண்ணாம்பைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லே அங்கும் ஏறியிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தால் இழைத்த செட்டிநாட்டுச் சுவர்களில், விரல் நுனியிலுள்ள வட்டத் தட்டுகளால் பற்றிக்கொண்டிருக்கும் இவ்வுயிருக்கு அது பொருத்தமான பெயரே.

ஒரு வாரத்தில் கண்ணாடி மங்கியது. தெளித்த நீரின் உப்புக்கறையும் எச்சமும் படிந்து, உள்ளே இருப்பது தெரியாமற்போயிற்று. நாங்களே பாத்திரம் துலக்கும் சோப்பிட்டுத் தேய்த்து, அவசரமாக ஒருமுறை நீர் ஊற்றி, பளபளத்த தொட்டியில் தவளையைத் திரும்ப விட்டோம். பார்ப்பதற்கு எவ்வளவு அழகு! மறுநாள் காலை அது ஒரு மூலையில் சோர்ந்து கிடந்தது. பதறிப்போய், பிடித்து வைத்திருந்த மழைநீரில் அதை இட்டோம். மாலைக்குள் தெளிந்தது. எங்கள் மனம் தெளிய நாளாயிற்று.

தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அத்தோலாலேயே ஓரளவு மூச்சும் விடுகிறது. ஆகவே கண்ணாடியில் எஞ்சிய சோப்பு அதன் உடலுக்குள் செல்லும் நஞ்சாகிறது. அறிந்தவர்கள் வெறும் நீராலும் மெல்லிய துணியாலும் துடைக்கிறார்கள். உப்புக்கறை விடாவிட்டால், தவளையை அப்புறப்படுத்திவிட்டு, நீர் கலந்த வினிகரால் துடைத்துப் பலமுறை அலசுகிறார்கள். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துகிறார்கள். தவளையைத் தொடும் கையிலும் சோப்போ எண்ணெயோ இருத்தலாகாது. இவையெல்லாம் நாங்கள் பிறகு கற்றவை. கற்காமலே துடைக்க எங்களைத் தூண்டியது எது? தவளையின் நலமன்று, எங்கள் கண்ணின் ஆசை.

மற்றொரு பாடத்தைப் பேரன் கற்பித்தான். "ஐயா, இவ்வளவு சுத்தமாகத் துடைத்தால், அங்கே சுவர் இருப்பது தவளைக்கு எப்படித் தெரியும்?" என்றான். உண்மைதான். கண்ணாடியைத் தடையென்று அறியாத தவளை, மீண்டும் மீண்டும் பாய்ந்து மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். எனவே மூன்று பக்கங்களில் காகிதம் ஒட்டினோம். நமக்குத் தெளிவாக இருப்பது, உள்ளே இருப்பதற்கு ஏமாற்றாக இருக்கலாம்.

துடைத்த அழுக்கு எங்கே போகிறது என்பதும் கேட்கத்தக்கது. தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை 1998இல் கண்டறியப்பட்டது. அதனால் உலகெங்கும் 501 இனங்களேனும் குறைந்தன என்றும், அவற்றுள் 90 அழிந்திருக்கக்கூடும் என்றும் 2019இல் வெளியான ஆய்வு கூறியது. தவளை வணிகமும் அந்நோயை நாடு விட்டு நாடு கொண்டு சென்றது. தொட்டி கழுவிய நீரைக் கண்மாயிலோ ஊருணியிலோ கொட்டுவது, நம் வீட்டைத் தூய்மையாக்கி ஊரைக் கெடுப்பதாகும். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கலாகாது என்று கட்டுப்பாடு வைத்த முன்னோருக்கு இந்த நியாயம் புரிந்திருந்தது.

இச்சிறு தொட்டியை விட்டு நம் இல்லங்களைச் சற்றே நோக்குவோம். படுக்கையில் கிடக்கும் முதிய தாயின் அறையை எப்போது சுத்தம் செய்கிறோம்? விருந்தினர் வருமுன்பா, அவர் வேண்டும்போதா? பினாயில் நெடியில் அவர் இருமும்போது, "அறை எவ்வளவு துப்புரவாக இருக்கிறது!" என்று வந்தவர் சொல்லக் கேட்டு நாம் மகிழ்வதில்லையா? அழுக்கில் விடுவது அன்பாகாது என்பது மெய்யே. கண்ணாடியைத் துடைக்காமல் விட்டிருந்தாலும் அத்தவளை நோயுற்றிருக்கும். ஆனால் தூய்மை என்பது பார்ப்பவரின் பெருமையாக மாறும்போது, பேணப்படுபவர் காட்சிப்பொருளாகிவிடுகிறார். தன் வலியைச் சொல்ல இயலாதவரைப் பேணும்போது இந்த ஆபத்து இன்னும் பெரிது.

அடுத்த மழை இரவில், பிடித்த அதே குளியலறைச் சுவரருகில் பேரன் தவளையைத் திரும்ப விட்டான். வேற்றூர்த் தவளையாயின் அவ்வாறு விடுவது தகாது. இது இவ்வீட்டுத் தோட்டத்திலேயே வாழ்ந்தது. தூணில் ஏறி ஓட்டு இடுக்கில் அது மறைந்தது. அதைக் காண இப்போது எங்களுக்குக் கண்ணாடி இல்லை. மழைக்கு முன் அதன் குரலைக் கேட்கிறோம்.

துணியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நாம் துடைப்பது யாருக்காக?